நாலு எண்ணினால் மாமா

ஜெயசுதாவின் மகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. வீடியோ கால் போட்டால் எதிராளி முகம் சட்டென்று வந்துவிட வேண்டும். திரையில் அந்த வட்டம் அரை நிமிஷம் சுற்றினால் போதும், "நெட்டு செத்துப்போச்சும்மா" என்று வெட்டிவிட்டு மறுபடி போடுவாள். ஜெயசுதா தோசையைத் திருப்பிப் போட்டபடி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஒரு காலத்தில் ஒரு குரல் வந்து சேர அவள் நாலு எண்ணிக் காத்திருக்கிறாள். அவள் கல்யாணமே அந்த நாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அது இரண்டாயிரத்து ஆறு. மலை மேலே செம்மேட்டில் ஓர் உரக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. சென்டர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பிளைவுட் கூண்டு, கூண்டுக்கு ஒரு பச்சைத் திரை, ஓயாமல் தும்முகிற ஒரு இன்வெர்ட்டர். முதலாளி நாமக்கல்லில் இருந்தார். மாதம் ஒருமுறை மலையேறி வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த அரியூர் நாட்டு ஜெயசுதாதான் அங்கே எல்லாம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. இருபத்தோரு வயது. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். மோடம் கோழிக் கழுத்தை நெரிக்கிற மாதிரி கத்திக் கத்தி நெட்டைப் பிடிக்கும்போது கூடவே எழுந்து நின்று "பிடி, பிடி, பிடி" என்று அதற்குத் தைரியம் சொல்வாள்.

முதலில் பரீட்சை ரிசல்ட் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் முதலாளி மைக் வைத்த ஹெட்போன் இரண்டு வாங்கி வந்தார். அவ்வளவுதான், சென்டரின் தலையெழுத்தே மாறிவிட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கட்டட வேலைக்குப் போனவர்களின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமையானால் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். போன் இல்லாமல் கம்ப்யூட்டரில் எப்படிப் பேச முடியும் என்று யாரும் கேட்கவில்லை. பேச முடிகிறதா, அது போதும். ஒரு ஹெட்போனை அம்மா ஒரு காதிலும் மருமகள் ஒரு காதிலுமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பேசுவார்கள். மற்ற நாளில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிற மாமியார் மருமகள் அவர்கள். ஒருத்தி பெரிய பலாப்பழத்தைத் தலையில் வைத்துத் தூக்கிவந்து, மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிக் காட்டினாள். "சத்தம் கேட்டுச்சா? பழுத்துருச்சா சொல்லு" என்றாள். கோலாலம்பூரிலிருந்து புருஷன் "இன்னும் ரெண்டு நாளு போகட்டும்" என்றான். சரியாக ரெண்டு நாளில் பழுத்ததாம்.

ஜெயசுதாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இருந்தது. அவள் அம்மா முனியாயியின் தம்பி சின்னமுத்து. ஜெயசுதாவின் அப்பா இறந்தபோது அவளுக்கு வயது ஒன்பது. அன்றிலிருந்து அவர்கள் காட்டில் ஏர் பூட்டியவனும், சாமையை அறுத்துக் கொடுத்தவனும், அவளை நாமக்கல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டவனும் இந்த மாமன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர் போனான். ஞாயிறு லீவு. அங்கே ஒரு நெட் கடையில் போய் உட்காருவான்; இங்கே மெசஞ்சரில் அவன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் சிரிக்கும்.

இரண்டு பேரும் முதலில் ரொம்பச் சண்டை போட்டார்கள். ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் பேசிவிடுவார். சொன்னது போய்ச் சேரத் தாமதம், பதில் திரும்பி வரத் தாமதம். கடைசியில் ஜெயசுதா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். அவள் "ஒண்ணு" என்பாள். அது காதில் விழுந்த நொடியே மாமன் "ரெண்டு" சொல்ல வேண்டும். இடையில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பாள். நாலு. எப்போது பார்த்தாலும் நாலு. மலையில் மழை கொட்டுகிற நாளில் ஐந்து. ஆறு ஆனதே இல்லை.

"நாலு எண்ணினா மாமா வந்துருவீங்க" என்பாள். நாலு எண்ணியதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரும்.

இந்தச் சமயத்தில்தான் கோகுல் பேட்டரியோடு உள்ளே வந்தான். பெரக்கரை நாட்டுக்காரன். அடிவாரத்துக் காரவள்ளிக்கும் செம்மேட்டுக்கும் ஜீப் ஓட்டினான். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போன ஒரு ஞாயிறு, கரண்டும் இல்லை, படியில் இருபது பேர் காத்திருந்தார்கள். கீழே நின்ற ஜீப்பைப் பார்த்து ஜெயசுதா, "ஏனுங்க, உங்க வண்டி பேட்டரியக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கழட்டிட்டா நான் ஊட்டுக்கு எப்படிங்க போறது?" "இறக்கத்துலதான நிறுத்தியிருக்கீங்க? உருட்டிவிட்டாக் கெளம்பிரும்." அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஜீப் இறக்கத்தில்தான் நின்றது.

கோகுல் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். முனியாயிக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் ஊரில் பரிசம் போடும் முன்னால் தாய்மாமனிடம் ஊர்ச் சபை சொல் கேட்கும். மூன்று கேள்வி. சபை கூடியது தெரியுமா? பெண் கொடுக்கச் சம்மதமா? உனக்குள்ள முறையை விட்டுக் கொடுத்தாயா? மூன்றாவதுதான் முக்கியம். அக்கா மகள் மேல் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. சின்னமுத்துவுக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவன் சிங்கப்பூர் கிளம்பின அன்றைக்கு முனியாயி பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, "சீக்கிரம் வந்துரு சாமி, இவளை உனக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அதை விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. அவனும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டான். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கோகுல் விஷயத்தைச் சொன்னபோதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன் குடிப்பானாக்கா?"

அவனுக்கு லீவு கிடைப்பது தைக்குப் பிறகு. மாப்பிள்ளையின் அப்பா கருப்பண்ணன் அதெல்லாம் முடியாது என்றுவிட்டார். "ஆடி பொறக்குறதுக்குள்ள சொல்லு முடியோணும். இல்லாட்டி எங்க நாட்டுலயே ஒரு பொண்ணு இருக்குது. என்ற தங்கச்சி மக."

ஆடிக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. அன்றைக்குச் சொல் கிடைக்காவிட்டால் கோகுல் இல்லை. ஜெயசுதா ஊர்ப் பெரியவர் அர்த்தனாரியிடம் நேராகப் போய் நின்றாள். "அப்புச்சி, மாமாவ சென்டர்ல கூப்புட்டுச் சபை முன்னாடியே பேச வெச்சுரலாமுங்க."

"போன்ல பேசுனா ஒரு காதுக்குத்தான கேக்கும் கண்ணு? சபைக் காதுல விழோணும்."

"ஸ்பீக்கர் இருக்குதுங்க."

அர்த்தனாரி தானே மாடியேறி வந்தார். ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் தட்டிப் பார்த்தார், பானை வாங்குகிறவர் மாதிரி. அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார். சொல் கேட்கிறபோது பெண் வீட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், சபையில் அவள் குரல் கேட்கக்கூடாது. "இந்தப் பொட்டிய உன்னத் தவிர வேற ஆரு ஓட்டுவா?"

"ஆருமில்லீங்க. மொதலாளி மச்சான் கல்யாணத்துல இருக்கறாரு."

அவர் பச்சைத் திரையைப் பார்த்தார். இழுத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "இதுக்கு அந்தப்பக்கம் ஊட்டுக்குள்ள. இந்தப்பக்கம் சபை. போதும் போ" என்றார்.

ஆனி கடைசி ஞாயிறு காலையில் எட்டு மணிக்கே கரண்டு போய்விட்டது. பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை தோளில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பரிசத்துக்கு வந்த மாப்பிள்ள சீர் கொண்டாராரு, எல்லாரும் பாத்துக்கங்க."

"பாத்துங்கப்பா, ஆசிட்டு வேட்டில பட்டுரும்" என்றான் கோகுல்.

மாடியில் பதினாலு பேர். வெற்றிலைத் தட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெயசுதா அரக்குப் புடவையும் கனகாம்பரமுமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்து மோடத்தோடு மல்லாடினாள். முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் பிடித்து விட்டுவிட்டது. மூன்றாவது தரம் மஞ்சள் முகம் சிரித்தது. கிளிக் செய்தாள். ஸ்பீக்கரில் ஒரு மின்விசிறிச் சத்தம் வந்தது, தூரத்தில் யாரோ சீனத்தில் எதையோ கத்தினார்கள், அதற்கு நடுவே மாமனின் குரல்.

"ஜெயா? என்ன கண்ணு, ஊரே மூச்சு விடற சத்தம் கேக்குது?"

அவளுக்குப் பதில் சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். ஹெட்போன் மைக்கைத் திரைக்கு வெளியே நீட்டினாள். அர்த்தனாரி அதை வாங்கி, காதில் வைக்கிற பஞ்சுப் பக்கத்தை வாய்க்கு நேராகப் பிடித்தார். திரைக்குள்ளிருந்து வளையல் கை ஒன்று வந்து அதைத் திருப்பிவிட்டுப் போனது.

"சின்னமுத்து! அரியூர் நாட்டுச் சபை கூடியிருக்குது. தெரியுமா?"

ஒன்று, இரண்டு என்று ஜெயசுதா உள்ளே எண்ண ஆரம்பிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "தெரியுமாங்கறேன்!" மூச்சு விடவில்லை. "தெரியுமாடா?"

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மூணு தரம் கேட்டாச்சுங்க. தாய்மாமன் வாயத் தொறக்கல."

அவர்கள் ஊர் வழக்கத்தில் அது போதும். மூன்று தரம் கேட்டும் பதில் இல்லை என்றால் மறுத்ததாகத்தான் அர்த்தம். பெரக்கரைக்காரர்கள் எழுந்தார்கள், பெஞ்சு கிறீச்சிட்டது, முனியாயி "அண்ணா, அண்ணா, ஒரு நிமிசம்" என்று கருப்பண்ணனை மறித்தாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஸ்பீக்கர் "தெரியுமுங்க" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி "தெரியுமுங்க" என்றது. யார் கேட்டார்கள்? எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக வந்தது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. "ஏனுங்க, அங்க சண்டையா?"

"பாருங்க! சண்டையான்னு கேக்கறான்! சபையப் பாத்துச் சண்டையான்னு கேக்கறான்!" என்று குதித்தார் கருப்பண்ணன்.

கோகுல் சுவரோடு ஒட்டி நின்று அப்பாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை திரையின் ஓட்டை வழியாக ஜெயசுதாவுக்குத் தெரிந்தது. பெண் பேசினால் சபை கலையும். பேசாவிட்டாலும் கலையும். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரையை விலக்கி வெளியே வந்தாள்.

மாடி அடங்கியது.

"பொண்ணு பேச வருது" என்றார் கருப்பண்ணன், நம்ப முடியாமல்.

"பொண்ணு பேசலீங்க மாமா. சென்டர்ல வேல பாக்கறவ பேசறேன்" என்றாள். "நீங்க உங்க காட்டுல நின்னுட்டு எதிர்க்காட்டுக்காரங்கள எப்படிங்க கூப்புடுவீங்க?"

"என்ன கேள்வி இது? ஓவ்னு கூவுவேன்."

"கூவுனதும் பதிலு வருமுங்களா?"

"எப்படி வரும்? நடுவுல பள்ளம் கெடக்குதுல்ல. சத்தம் போவோணும், அவன் காதுல விழோணும், அவன் திருப்பிக் கூவோணும், அது நம்மகிட்ட வரோணும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"மாமா தெரியுமுன்னு அப்பவே சொல்லிட்டாருங்க. அது வந்து சேர்றதுக்குள்ள நீங்க எந்திரிச்சுட்டீங்க."

அர்த்தனாரி தொடையில் தட்டினார். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டருன்னு பயமுறுத்திட்டு! எதிர்க்காட்டு ஆளுன்னா எனக்குக் கூப்புடத் தெரியாதா? எல்லாரும் உக்காருங்க. கருப்பண்ணா, நீயும்தான். நீ போ கண்ணு உள்ளார."

கருப்பண்ணன் ஒரு நொடி யோசித்தார். பிறகு உட்கார்ந்தார். உட்காரும்போது, "வேலக்காரிதான் பேசுனா, பொண்ணு பேசல" என்று தன் ஆட்களுக்குத் தானே விளக்கம் சொன்னார். ஜெயசுதா உள்ளே போய்த் திரையை இழுத்து மூடினாள்.

மலைக்காரர்களுக்குக் காத்திருக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கீழ்நாட்டிலிருந்து வருகிற வாத்தியார்களும் பாங்கிக்காரர்களும் அந்தச் சென்டரில் மைக்கைப் பிடித்தால் "அலோ, அலோ, கேக்குதா, அலோ" என்று உயிரை வாங்குவார்கள். இவர்கள் ஒரு தரம் புரிந்துகொண்டதும் பதினாலு பேரும் கல்லாகிவிட்டார்கள். அர்த்தனாரி உள்ளங்கையை வாயோரம் குவித்துக்கொண்டு, எதிர்க்காட்டுக்குக் கூவுகிற அதே ராகத்தில் இழுத்தார்.

"சின்னமுத்தோஓஓ! சபை கூடியிருக்கறது தெரியுமாஆஆ?"

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"தெரியுமுங்க."

பெருமூச்சு ஒன்று மாடியைச் சுற்றி வந்தது. கருப்பண்ணன் தலையாட்டினார்.

"உன்ற அக்கா மக ஜெயசுதாவ, பெரக்கரை நாட்டுக் கருப்பண்ணன் மகன் கோகுலுக்குக் குடுக்க உனக்குச் சம்மதமாஆஆ?"

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"சம்மதமுங்க."

முனியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அர்த்தனாரி செருமினார். வேட்டியைச் சரி செய்தார்.

"உனக்குள்ள முறைய விட்டுக் குடுத்தியாஆஆ?"

ஜெயசுதா எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஸ்பீக்கரில் மின்விசிறி ஓடியது. சீனக்காரர் மறுபடி யாரையோ கூப்பிட்டார்.

ஐந்து.

வெளியே வெயில். மழை இல்லை. ஆறு.

சபை அசையவில்லை. நடுவில் கடல் கிடக்கிறது, சத்தம் தாண்டி வரட்டும் என்று எல்லாரும் நிம்மதியாகக் காத்திருந்தார்கள். "தூரமாச்சே" என்று கருப்பண்ணன் பக்கத்து ஆளிடம் குசுகுசுப்பது கேட்டது. இப்போது அவருக்கே அவசரமில்லை. ஏழு. மானிட்டரில் அந்தப் பக்கத்துச் சத்தத்துக்குத் தகுந்தபடி பச்சைக் கோடு ஏறி இறங்கியது. லைன் உயிரோடு இருந்தது. கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. பதிலுக்கு வழியில் எந்தத் தடையும் இல்லை. அந்த மாடியில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நாலுக்கு மேலே போன ஒவ்வொன்றும் மாமனுடையது.

எட்டு. அவன் பஸ் ஏறுமுன் சிரித்த சிரிப்பு அவளுக்கு நினைவு வந்தது. அதை அவளும் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். ஹெட்போன் வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அந்த மஞ்சள் முகம் வந்துகொண்டிருந்ததைக்கூட. ஒன்பது. மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் அதுதான் சட்டம். கோகுல் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பத்து. அவளுக்குக் கோகுல் வேண்டும். மாமன் அங்கே இப்படித் தவித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒன்றாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மானிட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று.

"விட்டுக் குடுத்தேனுங்க" என்றது ஸ்பீக்கர். செருமல். "நல்லாருக்கட்டும்."

மாடி வெடித்தது. யாரோ குலவை போட்டார்கள். அர்த்தனாரி மைக்கை உயர்த்திக் காட்டி, "பாத்தியா, காத்திருந்தா வருது!" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த சங்கதி மாதிரி. கருப்பண்ணன் வெற்றிலைத் தட்டைத் தேடினார். முனியாயி அழுதாள். தட்டு கைமாறுகிற அமளியில் யாரோ ஒயரை மிதித்துவிட ஸ்பீக்கர் ஊமையானது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கூண்டுக்குள் மெசஞ்சர் பெட்டி மினுங்கியது. சின்னமுத்து எப்போதும் ஒற்றை விரலால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கோத்துக் கோத்து அடிப்பான். வரி மெதுவாக வந்தது.

கண்ணு. கடைசி பதில் லேட்டா வந்துச்சா?

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. திரைக்கு அந்தப் பக்கம் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லைன் மாமா, என்று அடித்தாள். இன்னிக்கு லைன் ரொம்ப மோசம்.

எழுத்துக்கு நாலு எண்ண வேண்டியதில்லை. அடித்தால் அந்த நொடியே போய்விடும். ஆனாலும் அந்தப் பெட்டி கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது.

ஆமா கண்ணு. லைன்தான். அதன் கீழே இன்னொரு வரி: மாப்பிள்ளையக் கூப்புடு. பேசோணும்.

ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையை விலக்கிக் கோகுலைச் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாற்காலியில் உட்கார்த்தி, ஹெட்போனை அர்த்தனாரியிடமிருந்து திரும்ப வாங்கி அவன் காதில் மாட்டி, மைக்கை வாய்க்கு நேராக வளைத்துவிட்டாள்.

"என்ன கேப்பாரு?" என்றான் அவன் பயந்துபோய்.

"எது கேட்டாலும் பொறுமையாக் கேளுங்க. நடுவுல பேசாதீங்க" என்றாள். தான் வெளியே வந்து திரையை இழுத்து மூடினாள்.

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. "சரிங்க மாமா." ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. "இல்லீங்க, தண்ணி தொட்டதில்லீங்க." மறுபடி ஒன்றுமில்லை. "பாத்துக்கறேனுங்க. சத்தியமாப் பாத்துக்கறேன்." அந்த இடைவெளிகளில் எவ்வளவு லைன், எவ்வளவு மாமா என்று எண்ண அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குள் கீழே இறங்கியிருந்த முனியாயி, "ஏண்டி, பாயசம் ஊத்த ஆளில்ல, வா" என்று கூப்பிட்டாள். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.